அந்தமான் பேக்கேஜும் அத்தை தேடிய கோவிலும்

டிராவல்ஸில் கொடுத்த பயணத் திட்டத்தில் நான்காம் நாளுக்கு நேராக "நீல்ஸ் கோவில் 20 நிமிடம்" என்று தமிழில் அடித்திருந்தார்கள். அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார். "என்ன சாமிங்க மாப்பிள்ளை? நீலகண்டரா?" என்றார். நான் பட்டறையில் ஊதுகுழலும் கையுமாக இருந்த நேரம். "ஏதோ சிவன் கோவிலாத்தான் இருக்கும் அத்தை" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். கிளம்புகிற அன்று பெட்டியைத் திறந்தால் கற்பூரம், விபூதிப் பொட்டலம், விளக்குக்கு என்று ஒரு சின்ன பாட்டிலில் நல்லெண்ணெய் எல்லாம் இருக்கின்றன. கற்பூரத்தைச் சென்னை விமான நிலையத்தில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். விபூதியும் எண்ணெயும் அந்தமான் வரை வந்தன.

அந்த இடத்தின் பெயர் நீல்ஸ் கோவ். ஆங்கிலத்தில் கோவ் என்றால் கடல் கரைக்குள் வளைந்து புகுந்து ஒதுங்கி நிற்கிற சின்ன இடம். அதோடு "இல்" சேர்த்தால் தமிழில் கோவில் ஆகிவிடும் என்று தட்டச்சு செய்தவருக்கும் தோன்றவில்லை, காசு கட்டிய எனக்கும் தோன்றவில்லை.

நான் சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். இப்படி எழுதிப் பழக்கமில்லை. ஆனால் எங்களிடம் கொலுசு எடுக்க வருபவர்கள் டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் பணத்தை எண்ணுகிறார்கள். தலைக்கு 36,500 ரூபாய் கட்டி நாலு பேராகப் போன நான் அந்த மூன்றையும் கேட்கவில்லை. இனி போகிற சேலத்துக்காரர்களாவது கேட்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். டிராவல்ஸ் ஐந்து ரோட்டுப் பக்கம் இருக்கிறது. பெயர் வேண்டாம். கெட்டவர்கள் இல்லை, கவனம் போதாதவர்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து இரவு, ஆறு பகல். சென்னையிலிருந்து போய்வர விமான டிக்கெட், தங்குமிடம், தீவுக்குத் தீவு கப்பல், காலைச் சாப்பாடு, வண்டி எல்லாம் அந்தத் தொகைக்குள். பொங்கல் லீவுக் கூட்டத்திலும் விமானத்திலும் கப்பலிலும் நாலு பேருக்கும் ஒரே வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினோம், விடிவதற்கு முன்பே சென்ட்ரலில் இறக்கிவிட்டது, அங்கிருந்து விமான நிலையத்துக்கு வண்டி காத்திருந்தது. போர்ட் பிளேரில் (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், ஆனால் அங்கே யாரும் நாக்கை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை) எங்களை ஏற்றிய டிரைவர் ராமநாதபுரத்துக் குடும்பம், அங்கேயே பிறந்து வளர்ந்தவர். செல்லுலார் சிறையை அவர் காட்டிய விதத்தில் அத்தை அந்த ஏழெட்டு மணி நேரத்துக்குக் கோவிலையே மறந்துவிட்டார். ஓட்டல் அறை சுத்தம். இட்லி மட்டும் கல். அதை விடுங்கள், இட்லிக்காக யாரும் கடல் தாண்டிப் போவதில்லை.

கப்பல் பற்றி ஒரு வரி. ஹேவ்லாக் தீவுக்குப் போகிற தனியார் கப்பல்கள் பெரும்பாலும் மூடிய ஏசி பெட்டி மாதிரி, வெளியே நின்று காற்று வாங்க விடமாட்டார்கள். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவிலும் தலை சுற்றாதவன் என்று வீட்டில் பெருமை பேசிக்கொண்டு இருந்தேன். கிளம்பி அரை மணி நேரத்தில் காகிதப் பையைக் கேட்டது நான் ஒருவன்தான். அத்தை இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் தூங்கிவிட்டார். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள். டிராவல்ஸில் இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

இனி குறை. இரண்டாம் நாள் ஹேவ்லாக். திட்டத்தில், "மாலை 4.30 ஓட்டலில் கிளம்புதல், 6 மணி ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம்" என்று இருந்தது. வண்டி பதினைந்து நிமிடம் தாமதம். மேட்டில் ஏறும்போது டிரைவர் ஏசியை அணைத்துவிட்டார். சரி, ஆறு மணிக்குத்தானே என்று நாங்களும் பேசாமல் இருந்தோம். போய் இறங்கினால், எங்களுக்கு எதிரே ஒரு ஊரே திரும்பி வந்துகொண்டிருக்கிறது. துண்டும் ஈரத் துணியுமாக. மணி ஐந்தேகால். சூரியன் போய்விட்டது. மேகத்தில் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஏழாவது படிக்கிற என் மகன்தான் வண்டியில் விளக்கினான். சேலமும் போர்ட் பிளேரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, இரண்டுமே 11.6 டிகிரியை ஒட்டி. நம் ஊரிலிருந்து நேர் கிழக்கே கோடு இழுத்தால் அங்கே போய் முட்டும். ஆனால் தீர்க்கரேகை நமக்கு 78, அவர்களுக்கு 92 தாண்டி. ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னாலேயே அங்கே சூரியன் உதித்து, முன்னாலேயே விழுந்துவிடுகிறது. கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்று. தை மாதத்தில் சேலத்தில் ஆறு மணிக்கு மேல் விழுகிற சூரியன் அங்கே ஐந்தே காலுக்கு விழும். திட்டம் போட்டவர் ஐந்து ரோட்டில் உட்கார்ந்து, ஐந்து ரோட்டு வெயிலைப் பார்த்து ஆறு மணி என்று எழுதிவிட்டார். ஒரு பள்ளிக்கூடப் பையனிடம் கேட்டிருந்தால் போதும்.

அன்று ராத்திரி ஓட்டல் வரவேற்பில் இருந்த வங்காளிப் பையனிடம் இன்னொரு சந்தேகத்தைக் கேட்டேன். ஹேவ்லாக்கில் பெரும்பாலும் வங்காளக் குடும்பங்கள்தான். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்திய தீவு அது. ஊர்ப் பெயரே கோவிந்த நகர், விஜய நகர், ராதா நகர் என்றுதான் இருக்கும். என் இந்தியும் அவன் இந்தியும் சமம் என்பதால் பேச்சு சுலபமாகப் போனது. நான்காம் நாள் நீல் தீவுக்குப் போகிறோம், அங்கே நீல்ஸ் கோவ் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். நீல்ஸ் கோவ் நீல் தீவில் இல்லை, இங்கேதான், நீங்கள் இன்று போய்வந்த ராதாநகர் கடற்கரையின் வலது கோடியில்தான் இருக்கிறது என்றான். பெயரைப் பார்த்து டிராவல்ஸார் அதைத் தூக்கி இன்னொரு தீவில் வைத்துவிட்டார்கள். திட்டத்தை நம்பி இருந்திருந்தால் நான்காம் நாள் நீல் தீவு முழுக்க அத்தையோடு கோவில் தேடி அலைந்திருப்போம்.

இதில் ஒரு கிளைக்கதை. ஹேவ்லாக், நீல் இரண்டு தீவுக்கும் 1857 கலகத்தை அடக்கிய வெள்ளைக்காரத் தளபதிகள் பெயர். அந்த நீலுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலையே இருந்தது. 1927-ல் அதை எடுக்கச் சொல்லிச் சத்தியாகிரகம் நடந்து, கடைசியில் 1937-ல் ராஜாஜி ஆட்சியில்தான் எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். ராஜாஜி நம் சேலத்தில் வக்கீலாக இருந்து நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். 2018-ல் தீவின் பெயரையும் ஷஹீத் த்வீப் என்று மாற்றியாகிவிட்டது, ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது. சேலத்துக்காரர் ஒருவர் மவுண்ட் ரோட்டிலிருந்து இறக்கிய ஆளின் பெயருக்கு இன்னொரு சேலத்துக்காரர் விபூதியோடு கிளம்பி வந்திருக்கிறார் என்று சொன்னேன். அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் எலிஃபன்ட் பீச்சுக்குப் படகு, தண்ணீருக்கடியில் பவளம் பார்க்கிற ஸ்நார்க்லிங் எல்லாம் பேக்கேஜில் இருந்தது. அதை விட்டுவிட்டோம். விட்டதற்குப் பணம் திருப்பித் தரமாட்டார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, முன்பே சீட்டில் போட்டிருந்தார்கள். ஓட்டல் வாசலில் நாளைக்கு ஐந்நூறு ரூபாய் வீதம் இரண்டு ஸ்கூட்டி எடுத்தோம். ஒன்றில் நானும் மகனும், இன்னொன்றில் மனைவியும் அவள் அம்மாவும். காலை ஆறேகாலுக்குக் கிளம்பிவிட்டோம். தென்னை, பாக்கு, வாழை, நடுநடுவே நெல் வயல் என்று ரோடு போகிறது. கடைசி இரண்டு கிலோமீட்டரில் காடு தொடங்கிவிடுகிறது. மரங்களின் உயரத்துக்கு நம் ஏற்காட்டு சில்வர் ஓக்கெல்லாம் கிட்டே நிற்க முடியாது.

காலையில் போனது எவ்வளவு நல்லது என்று போன பிறகுதான் தெரிந்தது. ராதாநகர் மேற்கே பார்த்த கரை. காலையில் சூரியன் காட்டுக்குப் பின்னால் இருப்பதால் மணல் முழுக்க நிழல், காலில் குளிர்ச்சி. முந்தின நாள் சாயங்காலம் திருவிழா மாதிரி இருந்த இடத்தில் அன்றைக்குப் பத்துப் பேர் கூட இல்லை. கடலைப் பார்த்து நின்று வலது கைப்பக்கம் திரும்பி நடக்க வேண்டும். இளவட்டங்களுக்குப் பத்து நிமிடம். முட்டி வலிக்கார அத்தையோடு எங்களுக்கு இருபத்தைந்து நிமிடம். வழியில் கடை கிடையாது, கழிப்பறை கிடையாது. எல்லாவற்றையும் நுழைவாயிலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நடந்துகொண்டே இருக்கும்போது ஓர் இடத்தில் அலைச் சத்தம் குறைகிறது. அதுவரைக்கும் காதை நிறைத்துக்கொண்டு வந்த இரைச்சல், யாரோ கதவைப் பாதி சாத்தின மாதிரி பின்னால் நின்றுவிடுகிறது. கரை அங்கே உள்ளே வளைகிறது. இடுக்கியால் கம்பியைப் பிடித்து ஒரே அழுத்தில் வளைத்தால் வருமே, அந்த மாதிரி வளைவு. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் காடு மணல் வரைக்கும் இறங்கி வந்து நிற்கிறது. வேரோடு சாய்ந்த மரம் ஒன்று தோல் உரிந்து வெள்ளையாகக் கிடந்தது, அத்தைக்கு அதுதான் நாற்காலி. தண்ணீர் அண்டாவில் ஊற்றி வைத்த மாதிரி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நிறம் பச்சை. எங்கள் தொழிலில் பச்சைக்கல் என்று கண்ணாடியைத்தான் பதிக்கிறோம். அந்தக் கண்ணாடிக்கு அடியில் வெள்ளித் தகடு வைத்தால் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அது.

குளிக்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. திட்டத்தில் "நீல்ஸ் கோவில் ஸ்நார்க்லிங் வசதி உண்டு" என்று ஒரு வரி இருந்தது. இது வெறும் கவனக்குறைவில் சேராது, உயிர் விஷயம். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010-ல் இதே கோவ் பக்கம் ஒரு அமெரிக்கப் பெண்ணை முதலை தாக்கி, அவர் இறந்துபோனார். எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. நாங்கள் போனபோது ரோந்து வந்த லைஃப்கார்டு கணுக்கால் நனைவதற்கு மேல் இறங்கக் கூடாது என்று விசிலைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். நீந்த ஆசைப்படுகிறவர்கள் லைஃப்கார்டு இருக்கிற நேரத்தில், ராதாநகரில் அவர் காட்டுகிற இடத்தில் இறங்குங்கள். கோவ் உட்கார்ந்து பார்க்கிற இடம்.

உட்கார்ந்தோம். மணலில் ஓர் இரட்டைச் சரம் ஓடியிருந்தது. பக்கத்துக்கு ஒரு வரிசைப் புள்ளி, நடுவில் மெல்லிய இழுப்பு. முதலில் யாரோ சங்கிலியை இழுத்துக்கொண்டு போன தடம் என்று நினைத்தேன். தொடர்ந்து போய்ப் பார்த்தால் கோடு முடிகிற இடத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு சங்கு. கையில் எடுத்தால் வெறும் சங்கு. மூச்சை அடக்கி அரை நிமிடம் வைத்திருந்தேன். வாய்ப்பக்கம் ஊதா நிறத்தில் ஒரு கொடுக்கு வந்து மூடியைத் திறக்கிற மாதிரி விரிந்தது. அப்புறம் மயிரிழை மாதிரி இரண்டு மீசை, அதற்குப் பின்னால் குண்டூசித் தலை அளவில் கண். சங்குக்குள் குடியிருக்கிற நண்டு. என் உள்ளங்கைக் காய்ப்பின் மேல் அது காலை ஊன்றியது எனக்குத் தெரியவே இல்லை, இருபது வருஷ நெருப்பு வேலையில் அந்த இடத்துக்கு உணர்ச்சி கிடையாது. இறக்கிவிட்டதும் மறுபடி அதே இரட்டைச் சரத்தைப் போட்டுக்கொண்டு நடந்தது. அந்தத் தடத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். கொலுசுக்கு டிசைன் ஆகுமா என்று பார்க்க வேண்டும்.

கொலுசு என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தப் பயணத்தில் நடந்த ஒரு பழுதுக்கு டிராவல்ஸ் பொறுப்பில்லை, நான்தான் பொறுப்பு. தண்ணீரில் காலை நனைத்துவிட்டு வந்த மனைவி, "ஏங்க, இது லூசா இருக்கு" என்று காலை நீட்டினாள். என் பட்டறையில், என் கையால் செய்த கொலுசு. திருகாணி எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. நாலு பேரும் மணலை அரை மணி நேரம் சலித்தோம். எள்ளளவு திருகாணியை அந்த மணலில் எங்கே தேடுவது? கடைசியில் டிராவல்ஸில் பெட்டிக்கு மாட்டச் சொல்லிக் கொடுத்த மஞ்சள் அட்டையின் நூலை உருவி, கொலுசை அதால் கட்டிவிட்டேன். அந்த அட்டையால் கிடைத்த ஒரே பிரயோஜனம் இதுதான். "கடைக்காரங்ககிட்ட புகார் பண்ணலாம்னா கடையே நம்மளதா இருக்கே" என்றாள். ஊருக்கு வந்ததும் எல்லா உருப்படிக்கும் மரை இன்னும் ஒரு சுற்று கூட வைக்கச் சொல்லிவிட்டேன்.

பசித்தது. சேலத்திலிருந்து கொண்டுபோன தட்டுவடை டப்பாவைத் திறந்தால், கடல் காற்றில் நமுத்துப் போயிருந்தது. அந்த டப்பாவைத் திறக்கும்போதுதான் காலில் சுருக் சுருக்கென்று கடிக்க ஆரம்பித்தது. மணல் ஈ. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கடித்தால் ஒரு வாரம் அரிக்கும். அத்தை பையிலிருந்து விளக்கெரிக்கக் கொண்டுவந்த நல்லெண்ணெயை எடுத்து, தன் காலில் பூசிக்கொண்டு, பேரன் காலிலும் மகள் காலிலும் தேய்த்துவிட்டார். "மாப்பிள்ளை, நீங்களும்..." என்றார். நான் வேண்டாம் என்றேன். ராத்திரி எண்ணிப் பார்த்ததில் அவர்கள் மூன்று பேருக்கும் ஒரு கடி கூட இல்லை. எனக்கு முட்டிக்குக் கீழே பதினேழு.

ஒன்பது மணி வாக்கில் சூரியன் காட்டைத் தாண்டி மேலே வந்தது, தண்ணீர் கண்ணைக் கூச ஆரம்பித்தது, கிளம்பினோம். இரண்டு மணி நேரத்துக்குக் கிட்ட இருந்தோம். திட்டத்தில் போட்டிருந்தது இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டு ஏரியில் படகுக்கு டிக்கெட் எடுக்கவே அதற்கு மேல் ஆகும்.

கிளம்பும்போது மகனுடைய சட்டைப்பை புடைத்துக்கொண்டு இருந்தது. பவளத் துண்டு, இரண்டு சங்கு. திரும்ப வைக்கச் சொன்னேன், முகம் சுருங்கிவிட்டது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் பவளமெல்லாம் புலி, யானையோடு சேர்த்துப் பாதுகாக்கப்பட்டது. கரையில் செத்துக் கிடப்பதுதானே என்று எடுத்து வந்தாலும் விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்து எடுத்துவிடுவார்கள். திரும்பும் நாளில் எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்தின் பெட்டியிலிருந்து ஒன்றன் பின் ஒன்றாகப் பவளத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்கள். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். இதையும் டிராவல்ஸில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நீல் தீவைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கடல் அரித்த கல் பாலம் அழகு, ஆனால் நீர் வற்றுகிற நேரம் பார்த்துப் போக வேண்டும். எங்களை நீர் ஏறுகிற நேரத்தில் கூட்டிப் போனார்கள், முழங்கால் தண்ணீரில் வழுக்குப் பாறை மேல் அத்தையை நடக்க வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று. எங்கள் பாஷையில் அறுபது டச், வெள்ளி நிஜம்தான், கலப்பு கொஞ்சம் தூக்கல். டிக்கெட்டும் அறையும் மட்டும் இவர்களிடம் எடுத்துக்கொண்டு, ஹேவ்லாக்கில் ஒரு முழு நாளைத் திட்டம் ஏதும் இல்லாமல் காலியாக விடச் சொல்லுங்கள். விட்டால் தலைக்கு இரண்டாயிரம் குறையும், கேட்டு வாங்குங்கள். ஸ்கூட்டி ஓட்டத் தெரிந்தவர் வீட்டில் இரண்டு பேர் இருந்தால் அங்கே கார் தேவையே இல்லை.

வந்ததும் டிராவல்ஸுக்குப் போய், கோவ் எந்தத் தீவில் இருக்கிறது, சூரியன் எத்தனை மணிக்கு விழுகிறது, அங்கே ஏன் நீந்தக் கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி பொறுமையாகக் கேட்டு, கையோடு உள்ளே இருந்த பெண்ணைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னார். டீ கொடுத்தார். போன வாரம் திருத்திய திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். ராதாநகருக்கு மதியம் 3.30-க்கே கிளம்புவதாக மாற்றியிருக்கிறார்கள். ஸ்நார்க்லிங் வரியை எடுத்துவிட்டார்கள். நீல்ஸ் கோவையும் ஹேவ்லாக்குக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: "காலை 6.30, நீல்ஸ் கோவில் தரிசனம்."

அத்தையிடம் இன்னும் காட்டவில்லை.